இரவில படகிலயோ?

நாங்கள் நாலு பேர். வாற பெப்ரவரியில் மாலைதீவுக்குப் போகப்போவது மூன்று பேர். போகாத ஆளும் சேர்ந்துதான் இதை எழுதுகிறோம். அதனால் கட்டுரை முழுக்க ‘நாங்கள்’ என்றே வரும். எந்த இடத்தில் ஆர் எண்டு கண்டுபிடிக்க மினக்கெட வேண்டாம்.

லிவ்அபோர்ட் என்று ஒரு பயணம் இருக்கிறது. ஹோட்டலில் தங்கி, காலையில் கடலுக்குப் போய், மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருகிற சுழியோடல் இல்லை. ஏழு நாளும் படகிலேயே இருக்கவேணும். சாப்பாடும் அங்கேதான், நித்திரையும் அங்கேதான். படகு ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு ஓடும், இரவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று தடவை சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கலாம். மாலைதீவில், ஆட்கள் தங்கும் பெரிய படகோடு கூடவே இன்னொரு சின்னப் படகும் வரும். காற்றடிக்கிற கொம்பிரசரும் சிலிண்டர்களும் அதில்தான் இருக்கும். அந்தச் சின்னப் படகுக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ‘தோணி’. இதை வாசித்த அன்றைக்கே எங்களுக்கு அரைவாசிப் பயம் போய்விட்டது. ஊர்காவற்றுறைப் பிள்ளைகளுக்குத் தோணி தெரியாதா?

காசு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு டொலருக்கு மேலே, விமானச் சீட்டு தனி. இரண்டு வருசம் சீட்டுப் போட்டோம். ஒரு ஆளுக்குக் கனடாவில் ஒரு சித்தி இருக்கிறா. அவ்வளவுதான், மேலே கேட்காதீர்கள்.

வீட்டில் சொன்னபோது காசைப் பற்றித்தான் முதலில் கேட்பார்கள் என்று நினைத்தோம். அப்படி நடக்கவில்லை. எங்களில் ஒருத்தியின் அம்மா, மற்ற மூன்று பேருக்கும் அன்ரி, கேத்திலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று.

“இரவில படகிலயோ?”

ஓம் எண்டோம். அவ ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊத்தினா. அன்றைக்கு முழுக்க எங்களோடு கதைக்கவும் இல்லை.

பிறகுதான் விளங்கியது. எங்களுக்குக் கடல் என்றால் சாட்டிக் கடற்கரை, கசூரினா, ஞாயிற்றுக்கிழமை, ஐஸ்கிறீம். அன்ரிக்குக் கடல் என்றால் கிளாலி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் குடாநாட்டிலிருந்து வன்னிக்குப் போக வேறு பாதை இல்லாமல் சனம் இரவில் படகேறி அந்த நீரேரியைக் கடந்தது. விளக்குக் கொளுத்தக்கூடாது, குழந்தை அழக்கூடாது. கடக்கும்போது சுடப்பட்டுச் செத்தவர்கள் பலர். அன்ரி கைக்குழந்தையோடு ஏறியவ. அதற்கு முதல் 1990 இலும் 91 இலும் தீவுகளிலிருந்து சனம் இடம்பெயர்ந்தது, அதுவும் கடலும் படகும்தான். இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு ‘இரவுப் படகு’ என்றால் உல்லாசப் பயணம் இல்லை. நாங்கள் நீச்சல் தெரியாமல் வளர்ந்ததற்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறோம். நாலு பக்கமும் தண்ணி உள்ள ஊரில் பிறந்து, இருபத்தைந்து வயதில் கரையில் நின்றபடி காலை மட்டும் நனைக்கிற பெட்டையள் எத்தினை பேர்!

அன்ரியின் கேள்வியை ‘பழைய பயம்’ என்று ஒதுக்கத்தான் முதலில் நினைத்தோம். பிறகு தேடி வாசித்தபோது, அவ கேட்டதுதான் கேட்கவேண்டிய முதல் கேள்வி என்று தெரிந்தது. 2019 செப்டெம்பர் 2 அதிகாலை, கலிபோர்னியாவில் சான்ரா குரூஸ் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரமிட்டு நின்ற ‘கொன்செப்சன்’ என்ற சுழியோடிகள் படகு எரிந்தது. கீழ்த்தட்டில் நித்திரையிலிருந்த 34 பேரும் செத்துப்போனார்கள். இரவில் சுற்றிப் பார்க்கக் காவல் ஆள் ஒருவரும் விழித்திருக்கவில்லை. கீழிருந்து ஏறுகிற படியும் அவசர வழியும் மேலே ஒரே கூடத்துக்குள்தான் போய்த் திறந்தன. நெருப்பும் அந்தக் கூடத்தில்தான். 2024 நவம்பரில் செங்கடலில் ‘சீ ஸ்ரோரி’ என்ற படகு விடியப்புறம் கவிழ்ந்தது. சிலரை ஒரு நாளுக்கும் மேலே கழித்து, கவிழ்ந்த படகின் அறைக்குள் மிஞ்சியிருந்த காற்றோடு உயிருடன் எடுத்தார்கள். இரண்டிலும் ஆட்கள் சுழியோடும்போது சாகவில்லை. படுத்திருந்த நேரத்தில்தான் நடந்தது.

சுழியோடல் பற்றிப் பேசுகிற காணொளிகள் எல்லாம் எந்தக் கண்ணாடி வாங்கலாம், எந்தத் துடுப்பு நல்லது என்றுதான் சொல்லுகின்றன. நாங்கள் படகுக்காரர்களுக்கு எழுதிய முதல் மின்னஞ்சலில் கண்ணாடியும் இல்லை, துடுப்பும் இல்லை. இரவு முழுக்க ஒரு ஆள் முழிப்பாக இருப்பாரா? கீழறையிலிருந்து வெளியேற இரண்டு வழி இருக்கிறதா, இரண்டும் வேறு வேறு இடத்தில் திறக்குமா? கமெரா, ரோச் பற்றரிகளை எங்கே சார்ஜ் போடுவது, அங்கே இரவில் ஆள் இருப்பாரா? ஒரு கொம்பனி பதிலே போடவில்லை. இன்னொன்று ‘கவலை வேண்டாம், அழகான படகு’ என்று எழுதிப் படங்கள் அனுப்பியது. மூன்றாவது கொம்பனி படகின் வரைபடத்தை அனுப்பி, வழிகளில் சிவப்புக் கோடு போட்டு, சார்ஜ் போடுகிற மேசை மேல்தட்டில் திறந்த வெளியில் இருக்கிறது, இரவு பத்துக்குப் பிறகு ஒன்றும் போடக்கூடாது என்று எழுதியது. அதிலேயே பதிந்தோம். விலை கொஞ்சம் கூட. பரவாயில்லை.

அடுத்த பிரச்சினை, சத்தி. ஏழு நாள் ஆடுகிற படகில் சமாளிப்போமா என்று பார்க்க எங்களிடம் நல்ல பரிசோதனைக்கூடம் இருக்கிறது: நெடுந்தீவு வள்ளம். குறிகட்டுவானிலிருந்து ஒரு மணித்தியாலம். சோளகக் காற்றுக் காலத்தில், டீசல் மணம் அடிக்கிற இடமாகப் பார்த்து, வேணுமென்றே கீழே போய் இருந்தோம். முதல் முறை இரண்டு பேர் சத்தி. இரண்டாம் முறை, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முதல் குளிசை போட்டுக்கொண்டு ஏறினோம். ஒரு ஆள் மட்டும். மூன்றாம் முறை ஒருத்தரும் இல்லை, ஆனால் குளிசை போட்ட ஒரு ஆள் இறங்குதுறையிலேயே நித்திரையாகிவிட்டார். சுழியோடப் போகும்போது நித்திரை தூக்குகிற குளிசை போடக்கூடாதாம். ஆகவே வேறு குளிசை, திரும்பவும் வள்ளம். பக்கத்திலிருந்த ஆச்சி ஒருவர், “உங்களுக்கு நெடுந்தீவில ஆர் சொந்தம், இப்பிடி ஓடி ஓடி வாறியள்?” என்று கேட்டா.

அந்தக் கடலில் விளையாட்டுக்குப் போய் வருவது கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. 1985 மே 15 அன்று இதே பாதையில் வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் நெடுந்தீவுச் சனம் அவர்களை நினைவுகூருகிறது. பெயர்களுக்குள் குழந்தைகளும் உண்டு.

நெடுந்தீவில் இறங்கினால் குதிரை, பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை என்று எல்லாரும் படம் எடுப்பார்கள். நாங்கள் அந்த நாட்களில் வேலிகளைப் பார்க்கத் தொடங்கியிருந்தோம். அந்த ஊரில் வேலி என்றால் முருகைக்கல். சீமெந்தில்லாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. கிட்டப்போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் பூப்போலக் குழிகள், மூளைபோல மடிப்புகள். சின்ன வயசிலிருந்து அதில் ஏறி விளையாடியிருக்கிறோம், அது ஒருகாலம் உயிரோடு இருந்த பிராணி என்று நினைத்ததே இல்லை. செத்த முருகைக்கல்லுக்கு நடுவில் வளர்ந்த நாங்கள் உயிருள்ள முருகைக்கல்லை முதல்முதல் பார்த்தது திருகோணமலையில்.

அங்கேதான் பழகினோம். இங்கே, பாக்கு நீரிணைப் பக்கம், கடல் ஆழம் குறைவு, அடி சேறும் மணலும், தண்ணி கலங்கல். (2021 யூனில் நெடுந்தீவுக் கடலில் மீன் பெருகட்டும் என்று பழைய பஸ்களை இறக்கினார்கள். ஒருநாள் அந்தப் பஸ்ஸின் சாரதி இருக்கையில் போய் இருக்கவேணும் என்பது எங்களின் இரகசியத் திட்டம்.) நிலாவெளிக்கு எதிரே புறாத்தீவு, 2003 இலிருந்து தேசியப் பூங்கா. காற்று மாறுவதற்கு முதல், மே தொடக்கம் செப்டெம்பர் வரை, அங்கே தண்ணி தெளிவு. அடிப்படைச் சான்றிதழுக்கு நிற்காமல் 200 மீற்றர் நீந்தவேணும், பத்து நிமிடம் மிதக்கவேணும். இதற்காகச் சாட்டியில் ஆறு மாதம் பழகினோம். நெஞ்சளவு தண்ணி வரக் கன தூரம் நடக்கவேண்டிய கடல் அது. நீந்தினதை விட நடந்ததுதான் கூட. சோட்ஸ் போட்ட பெட்டையளைப் பார்க்க வந்த பெடியளில் இரண்டு பேர் கடைசியில் எங்களிடமே நீச்சல் பழகினார்கள்.

கடலடியில் முதல் நாள் ஒரு விசயம் நடந்தது. முழங்காலில் இருந்து, முகக்கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் போட்டு, மூக்கால் காற்றை ஊதித் தண்ணியை வெளியேற்றவேணும். எங்களில் ஒருத்திக்கு மூக்குக்குள் தண்ணி போய்விட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தாள். பயிற்சியாளர் துடுப்பில் பிடித்து இழுத்து, கண்ணுக்கு நேரே வந்து, “ஊது, ஊது” என்று கையால் காட்டினார். கரைக்கு வந்த பிறகுதான் விளக்கினார். ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் தண்ணியின் அமுக்கம் வளிமண்டலத்தின் அளவால் கூடுகிறது. பத்து மீற்றரில் நெஞ்சை நிரப்பிய காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழியும். அதனால்தான் சுழியோடலின் முதல் விதி: ஒருபோதும் மூச்சைப் பிடிக்காதே. சங்கு குளிக்க மூச்சைப் பிடித்து இறங்கிய கடற்கரையில் பிறந்த எங்களுக்கு அது தலைகீழ்ப் பாடமாக இருந்தது.

இரண்டாவது சான்றிதழும் எடுத்தோம், 30 மீற்றர் மட்டும் போகலாம். மாலைதீவுச் சட்டமும் 30 மீற்றரோடு நிறுத்துகிறது. இனிக் கெட்டிக்காரர்தான் என்ற நினைப்போடு ஊருக்கு வந்து, அட்டை மாமாவைப் பார்க்கப் போனோம்.

அவர் எங்கள் ஒழுங்கையில் இருக்கிறார். கடலட்டை பிடிக்கச் சிலிண்டரோடு இறங்கியவர். இப்போது ஒரு கால் இழுபடும், தடியோடு நடப்பார். ‘கடலுக்குள்ள காத்துப் பிடிச்சது’ என்றுதான் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். எங்களின் புதுக் கதைகளைச் சொன்னோம். லிவ்அபோர்ட் என்றால் என்ன என்று விளக்கினோம்.

“அது நாங்களும் செய்தனாங்கள்தானே,” என்றார். “முல்லைத்தீவுப் பக்கம் வாடி அடிச்சுத் தங்கிறது. விடியக் கடலுக்க இறங்கினா, பின்னேரம் வரைக்கும் அஞ்சு சிலிண்டர். எங்களுக்கு ஆர் சாப்பாடு தந்தது, நாங்களே காய்ச்சினனாங்கள்.”

எங்களிடம் பயிற்சிக்குத் தந்த அட்டவணை இருந்தது. எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பது. 18 மீற்றரில் 56 நிமிடம், 30 மீற்றரில் 20 நிமிடம். ஆழத்தில் மூச்செடுக்கும்போது காற்றிலுள்ள நைதரசன் உடம்பில் கரைகிறது. மெதுவாக வந்தால் மூச்சோடு வெளியேறும். கெதியாக வந்தால், சோடாப் போத்தலைத் திறந்த மாதிரி, உடம்புக்குள்ளேயே குமிழியாகும். முள்ளந்தண்டில் குமிழி வந்தால் கால் போகும். இதை நாங்கள் ஏதோ புதினம் சொல்லுகிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் அட்டவணையை வாங்கி, “மீற்றர் எனக்குச் சரிவராது. 18 எண்டா எத்தினை பாகம்?” என்று கேட்டார். பத்துப் பாகம் வரும் என்றோம். விரலை அந்த வரியில் வைத்தார்.

“இது ஒரு சிலிண்டருக்கோ, எல்லாத்துக்குமோ?”

முதல் தடவைக்கு மட்டும். இரண்டாவது தடவை இறங்கும்போது முதல் தடவையின் மிச்சம் உடம்பில் இருக்கும், ஆகவே நேரம் குறையும், மூன்றாவதுக்கு இன்னும் குறையும் என்றோம். அவர் அஞ்சு சிலிண்டரையும் மனதுக்குள் கூட்டிப் பார்த்தார் என்று நினைக்கிறோம். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. அந்த நாளில் என்ன செய்தார்கள் என்று கேட்டோம். கால் மரத்தவுடன் கூட்டாளிகள் அவரைத் திரும்பவும் கீழே இறக்கினார்களாம், அங்கே நோ குறைந்ததாம், மேலே வரத் திரும்பவும் மரத்ததாம். அமுக்க அறை என்று ஒரு வைத்தியம் இருக்கிறது, திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் அது உண்டு. அப்படி ஒன்று இருப்பதை அவர் எங்கள் வாயால்தான் முதலில் கேட்டார்.

பிறகு எங்கள் கையில் கிடந்த சுழியோடிக் கணினியைக் காட்டி, “உது என்ன விலை?” என்றார். அறுபது எழுபதாயிரம் எண்டோம். சிரித்தார். “அட்டை நல்ல விலை போன நேரம் அது எனக்கு ஒரு கிழமை உழைப்பு. ஒருத்தன் சொல்லியிருந்தா வாங்கியிருப்பன்.”

போகும்போது ஒரு வேலை தந்தார். அந்த அட்டவணையை மீற்றரில் இல்லாமல் பாகத்தில், தமிழில், பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொன்னார். இப்பவும் இறங்குகிற பெடியள் இருக்கிறார்கள். நாங்களே பழகுகிற ஆட்கள், பிழையாக எழுதினால் இன்னொரு கால் போகும் என்று பயந்து, பயிற்சியாளரிடம் அனுப்பித் திருத்தினோம். அவர் நிமிடங்களைக் குறைத்தார். “அட்டவணை மருந்தில்லை, அதுக்குள்ள நிண்டாலும் சிலருக்கு வரும்” என்று எழுதச் சொன்னார். மேலே வரும்போது நிமிடத்துக்கு ஐந்து பாகத்துக்கு மேல் ஏறாதே, மூன்று பாகத்தில் மூன்று நிமிடம் நில், கால் மரத்தால் திரும்ப இறங்காதே, ஒட்சிசன் கொடுத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. ஒரு பக்கத்துக்குள் அடக்கி லமினேற் பண்ணிக் கொடுத்தோம். மாமா அதைக் கரையில் சிலிண்டர் நிரப்புகிற இடத்தில் கட்டிவிட்டிருக்கிறார். யாராவது வாசிக்கிறார்களா என்று கேட்டால், “பீடி பத்த வைக்கேக்க பாக்கிறாங்கள்” என்கிறார்.

இப்போது படிவத்துக்கு வருவோம். படகுக்குப் போக முதல் ஒரு மருத்துவப் படிவம் நிரப்பவேணும். ஆஸ்துமா உண்டா, காது சத்திரசிகிச்சை உண்டா, வலிப்பு உண்டா. ஒன்றுக்கு ‘ஓம்’ போட்டாலும் வைத்தியர் கையெழுத்து வேணும். எங்களில் ஒரு ஆளுக்குச் சின்ன வயசிலிருந்து இழுப்பு. மாரியில் பம் அடிப்பாள். திருகோணமலையில் எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’ என்று கோடு போட்டோம். நாலு பேருக்கும் தெரிந்துதான் போட்டோம். எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று ஆரோ சொன்னார்கள். பதினாலு தடவை இறங்கி ஏறியும் விட்டாள், ஒன்றும் நடக்கவில்லை.

மாமா வீட்டிலிருந்து வந்த இரவு அவள் குழுவில் ஒரு குறுஞ்செய்தி போட்டாள். ‘நான் ஓம் போடப்போறன்.’ நாங்கள் மற்ற மூன்று பேரும் அவளைத் தடுக்கப் பார்த்தோம் என்பதை இங்கே எழுதவேணும். காசு கட்டியாயிற்று, இவ்வளவு நாள் ஒன்றும் ஆகவில்லை, கவனமாக இருக்கலாம் என்றெல்லாம் கதைத்தோம். அவள் கேட்டது சரியான கேள்வி: மூச்சுக்குழாய் ஒன்று சுருங்கி, அதுக்குள்ளே காற்று அடைபட்ட நேரத்தில் மேலே வந்தால், வாயைத் திறந்து வைத்திருந்தாலும் என்ன பிரயோசனம்? எங்களிடம் பதில் இல்லை. வைத்தியர் ஊதவைத்துப் பார்த்தார், ஓடவிட்டு ஊதவைத்துப் பார்த்தார், கையெழுத்து வைக்கவில்லை. ஒரு வருசம் மருந்தெடுத்துவிட்டுத் திரும்ப வரச் சொன்னார். கட்டின முற்பணம் திரும்ப வராது. அதை நாலாகப் பிரித்துக்கொண்டோம். அவள் இரண்டு நாள் அழுதாள், மூன்றாம் நாள் பயணத்தின் பொறுப்பாளர் ஆகிவிட்டாள். காப்புறுதி இலக்கம், படகின் பாதை, மாலைதீவில் பண்டோசிலும் குரமதியிலும் உள்ள அமுக்க அறைகளின் தொலைபேசி, எல்லாம் அவளிடம். ஒவ்வொரு பின்னேரமும் நாங்கள் செய்தி போடாவிட்டால் அவள்தான் ஆட்களை எழுப்புவாள். கடைசிச் சுழியோடலுக்கும் விமானத்துக்கும் இடையில் 18 மணித்தியாலம் இருக்கிறதா என்று பார்த்து, எங்கள் சீட்டை ஒரு நாள் தள்ளிப் போட்டதும் அவள்தான்.

இப்போது பைகள் கட்டுகிறோம். கடினமான சூட்கேஸ் வேண்டாம், படகறையில் வைக்க இடமில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நீரோட்டம் இழுத்துக்கொண்டு போனால் மேலே ஊதிவிடுகிற செம்மஞ்சள் நிறக் குழாய் ஆளுக்கு ஒன்று, விசில், இரண்டு சுழியோடி ரோச். போன கிழமை அன்ரி வந்தா. பருத்தித்துறை வடை ஒரு ரின், நயினாதீவு அம்மன் விபூதி ஒரு பொட்டலம். படகின் வரைபடத்தை விரித்து வைத்து, சிவப்புக் கோட்டை அவவின் விரலாலேயே காட்டினோம். இந்தக் கதவால் வரலாம், அதில் புகை எண்டால் இந்தக் கதவால். ஒரு ஆள் விடிய விடிய முழிச்சிருப்பார். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினா.

பிறகு பைக்குள்ளிருந்து ஒரு சின்ன ரோச் எடுத்தா. கடையில் வாங்கிய சாதாரண ரோச், புதுப் பற்றரி போட்டு, நனையாமல் பொலித்தீன் பையில் இரண்டு சுற்று. எங்களிடம் ரோச் இருக்கு, அன்ரி எண்டோம். அவ அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

“அங்க இரவில வெளிச்சம் பிடிக்க விடுவாங்கள்தானே?”

விடுவாங்கள், அன்ரி.